பனிக்கடல் கூனி

லூர்துமேரிக்கு மாதாவின்மேல் இருந்த நம்பிக்கையைவிட வெயிலின்மேல் இருந்த நம்பிக்கை ஒரு பங்கு கூடுதல் என்று அவள் தம்பி சாலமன் கேலி செய்வான். அதில் பொய் இல்லை. திருவொற்றியூர் குப்பத்தில், அலைத்தடுப்புக் கருங்கற்களுக்கும் விரைவுச் சாலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணலில் இருபது வருடத்துக்கு மேலாகக் கூனி காய வைத்து விற்றவள் அவள்.

கூனி என்றால் விரல்நகத்தைவிடச் சற்றே நீளமான இறால், அவ்வளவுதான். கலங்கிய கரைத் தண்ணீரில் கூட்டம் கூட்டமாகத் திரண்டு வரும். கொசுவலை மாதிரியான வலையில் வாரி வந்து, பழைய வலை ஒன்றை விரித்து அதன்மேல் பரப்பிவிட்டால், நல்ல வெயில் ஒன்று போதும், சருகாகிவிடும். காய்ந்ததா இல்லையா என்று பார்க்க லூர்துக்கு ஒரே ஒரு வழிதான். ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையைத் திறப்பாள். உமி மாதிரி உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. பிடித்த பிடியிலேயே ஒட்டி நின்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, இன்னொரு வெயில் வேண்டும். மூக்கை அவள் நம்புவதில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அது பாதிதான் வேலை செய்தது. கை மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

அவள் பிறந்தது காசிமேட்டில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாலாம் வருடம் புருஷன் இதே சாலையில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போனான். பிள்ளை இல்லை. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, பத்து வயது இளையவனான சாலமன் ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னான். போகவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், இந்த ஒரு பொம்பளையிடம் திட்டு வாங்கவே ஆயுசு போதவில்லை, இன்னொருத்தி எதற்கு என்பான்.

மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. குளிர்பெட்டிகளுக்கு மின்சார வயரைச் சொருகி, உள்ளே எத்தனை டிகிரி ஓடுகிறது என்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. அக்கா வெயிலை விற்கிறாள், தம்பி குளிரைக் காவல் காக்கிறான் என்று யார்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவனோடு வேலை பார்த்த அமீருதீன். தண்டையார்பேட்டைக்காரன், சாலமனுக்கு ஒரே தோஸ்து.

இருமல் வந்தபோது சாலமன் அதைத் தூசி என்றான். பிறகு டி.பி. என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் இருமல் நின்றது. நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். அக்காவிடம் மட்டும் தினமும் விழுங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் திரும்ப வந்தபோது அது பழைய மாத்திரைக்கு மசியவில்லை. இடது நுரையீரலின் மேல்பக்கத்தில் குழி விழுந்திருந்தது, சில நாள் இருமலோடு ரத்தமும் வந்தது. அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார் அரசு மருத்துவமனை டாக்டர். ஆனால் இந்த உடம்பை மேசையில் படுக்க வைக்க முடியாது. நாற்பத்தெட்டு கிலோவைத் தொடட்டும், தேதி கொடுக்கிறேன் என்றார். சாலமன் அப்போது நாற்பத்திரண்டு கிலோ.

அன்றிலிருந்து லூர்துக்கு வேறு கணக்கு கிடையாது. முட்டை, கேழ்வரகு, கடலைமாவு, ஈரல். ஆக்கிப்போட்டுக்கொண்டே இருந்தாள். மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் அவன் பாதிக்கு மேல் தட்டிலேயே வைத்தான். ஒரு மாதம் எடை பார்க்கப் போனபோது நாற்பத்தைந்து காட்டியது. நர்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இறங்கும்போது லுங்கி மடிப்பிலிருந்து யார்டின் பெரிய பூட்டு ஒன்று தரையில் விழுந்தது.

"இத்த ஆபரேஷனுக்கும் எத்துகினு வருவியாடா?" என்றாள் லூர்து.

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு அவன் சிரித்தான். அந்தத் தோளில் அவன் தலையின் கனம்கூடத் தெரியவில்லை என்பதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த வருடம் கூனியும் வரவில்லை. ஆற்றுத் தண்ணீர் கெட்டது காரணம் என்றார்கள் சிலர், அனல்மின் நிலையச் சாம்பல் காரணம் என்றார்கள் சிலர், அது வராமல் போவது புதிதா என்றார்கள் மீதிப்பேர். கூனித்தொக்கு என்றால் சாலமன் மாத்திரையையும் மறந்து சாப்பிடுவான் என்பதால் லூர்துக்கு அது இரட்டைக் கவலை. அந்தக் கவலையை அமீருதீன் மனதில் போட்டு வைத்திருந்தான்போல. அவன் இப்போது யார்டை விட்டு, ராயபுரத்தில் ஒரு குளிர்கிடங்கில் வேலை செய்தான். பங்குனி முடியும் நேரம், ஒருநாள் மதியம் சாக்கில் சுற்றிய ஒரு பெட்டியோடு வந்தான். இறால் குஞ்சுப் பண்ணைகளுக்குத் தீனியாக வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு. ஓரம் கிழிந்த பெட்டியைப் பண்ணைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், குப்பைக்குத்தான் போகும். மேனேஜரிடம் கேட்டே எடுத்து வந்ததாகச் சொன்னான்.

பெட்டிக்குள் கல் மாதிரி உறைந்த பாளம். பாளத்துக்குள் கூனி. ஆனால் சுண்டுவிரல் நீளத்துக்கு, இளஞ்சிவப்பாக, மிளகு வைத்த மாதிரிக் கறுப்புக் கண்ணோடு.

"ஐஸ் கடல் கூனிக்கா இது. பூமிக்கு அடியாண்ட கீதே, அந்தக் கடல். திமிங்கலம் வேற எத்தையும் துன்றதில்ல. இத்தயே துன்னுதான் அந்த சைஸுக்கு வளருது" என்றான் அமீருதீன்.

கட்டிலில் படுத்திருந்த சாலமன் தலையைத் தூக்கினான். "பாத்துக் குடு மாமு. கட்டிலு தாங்காது."

லூர்து சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றுதான். இது மைனஸ் முப்பதில் வைக்கிற சரக்கு, கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து உடனே சமைத்துவிட வேண்டும் என்று சாலமன் சொன்னான். குளிரோடு வேலை பார்த்தவன், சொன்னதும் சரிதான். ஆனால் அந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டியே ஒழுங்காக உறையாது. பெட்டி முழுவதையும் ஒரே நாளில் தின்ன முடியாது. மேலும் லூர்துக்கு ஐஸ் என்றால் வெயில் இல்லாத ஊர்க்காரர்களின் வழி. வெயிலில் போட்டது ஒரு வருடம் கிடக்கும், ஆபரேஷன் முடிந்து அவன் தேறுகிற வரைக்கும் வரும் என்று அவளுக்குப் பட்டது. பாளத்தை அலுமினிய அண்டாவில் கரையவிட்டு, சிவப்பாக ஓடிய தண்ணீரை வடித்து, பழைய வலையை விரித்துப் பரப்பிவிட்டாள்.

மாலையில் ஒரு பிடி அள்ளினாள். ஒட்டிக்கொண்டு நின்றது.

மறுநாளும் பரப்பினாள். அன்றும் உதிரவில்லை. முதல் நாள் விரட்ட விரட்ட வந்த காக்கைகள் அன்று பக்கத்திலேயே வரவில்லை. காவல் வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இளஞ்சிவப்பு போய்ப் பழுப்பு ஏறியது. அடியில் கிடந்த வலை, வடைச்சட்டியைத் துடைத்த துணி மாதிரிப் பளபளத்தது. பிடித்தால் விரலெல்லாம் வழவழப்பு. பனிக்கடல் தண்ணீர் ஊறிய உடம்பு, லேசில் விடாது என்று அவள் முடிவு கட்டினாள். அவளுடைய கைக்கு ஒட்டுவது என்றால் தண்ணீர். வேறு எதுவாகவும் இருக்க முடியும் என்று இருபது வருடத்தில் அந்தக் கைக்குத் தெரிய வேண்டி வந்ததே இல்லை. நாலாம் நாளும் வெயிலில் போட்டு, சாயந்திரம் இரும்புச் சட்டியில் வறுத்தாள். அப்போதுதான் ஒருவழியாக மொறுமொறுப்பாக வந்தது. பக்கத்து வீட்டு ராமசெல்வி எட்டிப் பார்த்து, யார் வீட்டில் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள் என்று கேட்டாள். லூர்துக்கு அப்படி எந்த வாடையும் தெரியவில்லை.

பூண்டைத் தாராளமாகத் தட்டிப்போட்டு, புளி, மிளகாய், நல்லெண்ணெயோடு தொக்கு செய்தாள். சாலமன் ஒரு கவளம் வாயில் வைத்தான். கொஞ்சம் மெதுவாக மென்றான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "சூப்பரா கீதுக்கா" என்றான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான்.

அந்த மாதம் எடை நாற்பத்து மூன்றரை. பூட்டு இல்லாமல். லூர்து நேரே கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். அது முட்டையால் வந்த எடையா, தொக்கால் வந்ததா, சும்மா வந்ததா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அன்று முதல் இரண்டு வேளையும் தொக்கு. கஞ்சியிலும் பொடித்துப் போட்டாள்.

வைகாசியில் சாலமனுக்கு எதுவும் வயிற்றில் நிற்காமல் போனது. பிறகு கண் மஞ்சளடித்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். கல்லீரல் தாங்கவில்லை, டி.பி. மாத்திரை எல்லாவற்றையும் இப்போதைக்கு நிறுத்துகிறோம் என்றார்கள்.

அமீருதீன் பார்க்க வந்தபோது தன் அக்கா மகள் ஜஸீமாவையும் அழைத்து வந்தான். விலங்கியல் படித்தவள், இறால் தீவனம் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை. லூர்து வார்டுக்கு வெளியே டப்பாவைத் திறந்து, இதைத்தான் கொடுக்கிறேன், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அவளிடமே கேட்டாள். ஜஸீமா டப்பாவை முகத்தருகே கொண்டுபோய், உடனே மூடினாள். எப்படிக் காய வைத்தீர்கள் என்று கேட்டாள். லூர்து சொன்னாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அமீருதீனைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

அவள் சொன்னதை லூர்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு வாங்கினாள். நம் கடலில் கூனிக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு உண்டு, அதனால் அது உடம்பில் பெரிதாக எதையும் சேர்த்து வைப்பதில்லை. தண்ணீர் போனால் சருகு. பனிக்கடலில் அப்படி இல்லை. மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காது, தண்ணீரில் பாசி முளைக்காது. கோடையில் கிடைக்கும்போது தின்று கொழுப்பாகச் சேர்த்தால்தான் இருட்டைத் தாண்ட முடியும். அங்கே எள்ளளவு உயிர்கள் சில உண்டு, அவற்றின் முதுகுக்குள் எண்ணெய்ப் பை ஒன்று கண்ணாடி மாதிரித் தெரியும், உடம்பில் பாதிக்கு மேல் அந்த எண்ணெய்தான். இந்தக் கூனியும் எண்ணெய் சேர்க்கிற சாதிதான். அந்தக் குளிரிலும் உறையாத இளகின எண்ணெய். உடம்புக்கு ரொம்ப நல்லதுதான், புதிதாக இருக்கும்வரை. வெயிலும் காற்றும் பட்டால் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற எண்ணெயும் வேறு இல்லை. செத்த உடனே அதன் வயிற்று நீரே அதைக் கரைக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் கப்பலிலேயே உறைய வைக்கிறார்கள்.

"அப்ப கையில ஒட்னது தண்ணி இல்லியா?" என்றாள் லூர்து.

"எண்ணெய், ஆன்ட்டி."

லூர்து தன் கையைப் பார்க்கவில்லை. டப்பாவைத்தான் பார்த்தாள். சேர்த்து வைத்த எண்ணெய் தீர்ந்துபோனால் அந்தக் கூனி என்ன செய்யும் என்று கேட்டாள். தன் சதையையே கரைத்துச் சாப்பிடும் என்றாள் ஜஸீமா. மேலோட்டைக் கழற்றிவிட்டு, முன்னதைவிடச் சின்ன ஓடாகப் போட்டுக்கொள்ளும். அப்படியே சிறுத்துச் சிறுத்து இருட்டைக் கடத்தும். திரும்ப வெளிச்சம் வந்து சாப்பாடு கிடைத்தால் வளர்ந்துவிடும்.

"திரும்ப வளருமா?"

"வளரும்."

லூர்து தலையாட்டினாள். அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

அடுத்த நாள் காலை டாக்டர் சுற்று வந்தபோது, நாட்டு மருந்து, லேகியம் என்று வெளியில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். சாலமன் முந்திக்கொண்டு, ஒன்றுமில்லை சார், வீட்டுச் சாப்பாடுதான் என்றான். சொல்லிவிட்டு அக்காவைக் கண்ணால் அடக்கினான். அவள் அடங்கவில்லை. பெட்டி வந்ததிலிருந்து வறுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கெட்ட எண்ணெய் வயிற்றைக் கெடுத்திருக்கும், ஆனால் கல்லீரலை இந்த மாத்திரைகளே இப்படிச் செய்வதுண்டு, எது எவ்வளவு என்று சொல்ல முடியாது அம்மா என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எது எவ்வளவு என்ற கேள்வியோடுதான் அதன்பின் அவள் இருந்தாள். மஞ்சள் இறங்கியது. மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குள் நுரையீரல் குழியும் பெரிதாகியிருந்தது. கஞ்சியும் மருத்துவமனை முட்டையும் பால் பவுடருமாக அவள் ஊட்டினாள். எதையும் அவள் வாயில் முதலில் வைத்து, பக்கத்துக் கட்டில்காரர் மகளிடம் மோந்து பார்க்கச் சொல்லி, பிறகுதான் அவனுக்குக் கொடுப்பாள். அவன் கேலி செய்தான், ராஜா வீட்டில்தான் இப்படி ருசி பார்க்க ஆள் இருக்கும் என்றான். எடை முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. திரும்ப வளரும் என்று அவன் காதருகே அவள் சொல்லிக்கொண்டிருந்ததை நர்ஸ்கள் ஜெபம் என்று நினைத்தார்கள்.

ஆடியில் ஒரு காலை அவள் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தபோது சாலமன் இருமினான். ரத்தம் நிற்கவில்லை. அவள் பிளாஸ்கோடு திரும்பி வந்தபோது திரை போட்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அமீருதீன் கோயிலுக்கு வந்தான். உள்ளே வரத் தயங்கி, வாசல் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு லூர்து அவன் பக்கத்தில் குந்தினாள். அவன் முகம் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. நான்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தேன், திமிங்கலம் அது இது என்று பீலா விட்டதும் நான்தான், பாவம் என் தலையில்தான் என்று சொல்லி அழுதான். லூர்துக்கு அது பிடிக்கவில்லை. யாரோ தன் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"நீ கொண்டாந்தப்ப அது ஐஸ்ல இருந்துச்சு. வெயில்ல போட்டது யாரு? ஊட்டிவுட்டது யாரு? அவன் எந்தம்பி. எங்கையால குடுத்தேன். நீ இன்னாத்துக்கு நடுவுல வர?"

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அவனுக்குத் தெரியும்க்கா" என்றான்.

"இன்னா தெரியும்?"

"மொத நாளே போன் பண்ணான். உன் திமிங்கலத் தீனி வேப்பங்கொழுந்து மாரி கசக்குது மாமுன்னான். அக்காகிட்ட சொல்லேன்டான்னேன். வேணாம், அது இப்பதான் சிரிச்சிகினு கீது, நீயும் சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிகினான்."

லூர்து எழுந்தாள். அவனை அடிக்கப்போகிறவள் மாதிரி ஒரு கணம் நின்றாள். பிறகு விடுவிடுவென்று கேட் வரைக்கும் போனாள். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றாள். கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன. அமீருதீன் செருப்பை மாட்டிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அவள் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"எப்டி சொன்னான்? அவன் சொன்ன மாரியே சொல்லு."

அவன் சொன்னான்.

"இல்ல" என்றாள். "அதுன்னு சொல்ல மாட்டான் அவன். எங்கக்கான்னுதான் சொல்லுவான். ஒயுங்கா யோசிச்சி சொல்லு."

அமீருதீன் கண்ணை மூடி யோசித்தான். "ஆமா" என்றான். "எங்கக்கா இப்பதான் சிரிச்சிகினு கீதுன்னான்."

லூர்து தலையை ஆட்டினாள். கொஞ்சம் கழித்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.